களக்காட்டுச் சாலையில் புரட்டிப்போட்ட கேஸ்கெட்

தாலுகா கச்சேரி குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு நான் மோட்டார் டிரைவரானது என் மாமனாருக்குப் பிடிக்கவே இல்லை. மைத்துனன் கல்யாணத்துக்கு முதலாளியின் மோட்டாரிலேயே மனைவியோடு களக்காட்டுக்கு வருகிறேன் என்றதும் நிபந்தனை போட்டார்.

"மோட்டார் தானா ஓடி வந்து வாசல்ல நிக்கணும், மாப்ளே. மாடு கட்டி இழுத்து வந்தீருன்னா மறுபடியும் கச்சேரிக்கே போயிரணும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்றுவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து புறப்படும் நாள் பார்த்து, இஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்து புகை சீறியது. புதுசு கைவசம் இருந்தது. கழற்றிய குழாயை மடியில் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை தகட்டைப் பொருத்திப் பார்த்து, தகட்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டுபோய் இஞ்சினில் வைத்து, அதன்மேல் குழாயைச் சேர்த்து முடுக்கினேன். போல்டுகள் மறுபேச்சில்லாமல் ஏறின.

சேரன்மாதேவி தாண்டியதும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஒரு சின்ன மேட்டில் ஏற மாட்டாமல் நின்றே விட்டது. பெட்ரோல் இருந்தது, பிளக்கில் பொறி வந்தது. பிறகு என்ன கேடு என்று எனக்குப் புரியவில்லை. அவ்வழியே வந்த மாட்டுவண்டிக்காரர் கயிற்றை எடுத்துக் காட்டினார். அவரை அங்கேயே வெட்டிப்போடலாம் போலிருந்தது.

என் மனைவி அதற்குள் மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்து இலை போட்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இலை நுனி வலப்பக்கம் கிடந்தது. ஒரு இலையைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். அவள் நிமிரவே இல்லை.

"எதிர்ல வந்து உக்காந்து பாருங்க. சாப்பிடுதது நீங்கல்லா."

உட்கார்ந்தேன். நுனி என் இடக்கைப் பக்கம் சரியாக இருந்தது.

சோறு விழுமுன் எழுந்து ஓடினேன். குழாயின் வாய் மடியில் என்னைப் பார்த்து இருந்தபோது இடப்பக்கம் இருந்த பெரிய ஓட்டை, இஞ்சினோடு சேரும்போது வலப்பக்கம் போய்விடுமே! கழற்றினால், நினைத்தபடியே தகடு புகை போகும் வழியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. புரட்டி வைத்து முடுக்கிக் கைப்பிடியைச் சுற்றினேன். இஞ்சின் உறுமிய உறுமலில் மாடுகள் மிரண்டன. எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

களக்காட்டுத் தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போய் வாசலில் நிறுத்தினேன். மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வழியில் எங்கும் நின்றதா என்று கேட்டார். சாப்பிட நின்றோம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறப் போனார்.

அங்கே உட்கார்ந்திருந்த என் மனைவி இறங்கவே இல்லை.

"இது என் இடம்ப்பா. பைய பின்னால ஏறுங்க."