ரயிலில் நின்ற பஜனை

குவாண்டம் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையோடு பிஎச்.டி. இடம். அதற்கான ஆன்லைன் நேர்காணலன்று ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் ஊரான கோரமண்டல் ஸ்டேஷனில் தினமும் ஏறும் பெங்களூரு ரயிலில் உட்கார்ந்தே பேசினேன். எங்கள் பெட்டியில் காலைதோறும் பஜனை பாடுகிறவர்கள் அன்று எனக்காக வாயே திறக்கவில்லை. சிக்னலும் போகவில்லை. எனக்குத்தான் பாதிக் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை.

தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. அழுகைகூட வரவில்லை. மறுநாள் நான் ஏறியதும் பாட்டு நின்றது.

"இன்னாமா ஆச்சி?" என்றார் கைத்தாளம் தட்டும் செல்வி அக்கா.

"கெடைக்கலக்கா. நீங்க பாடுங்க."

அவர் நகர்ந்து இடம் விட்டு, தாளத்தை என் கையில் வைத்தார்.

பெங்களூரு வரை தட்டினேன். என்ன பாட்டென்று நினைவில்லை. தப்பாகத்தான் தட்டியிருப்பேன். யாரும் கைத்தாளத்தைத் திருப்பி வாங்கவில்லை.