திசைகாட்டிக்கு அடியில்

பேரனின் கைபேசி வடக்கைத் தப்பாகக் காட்டியது. "உறையில காந்தம் இருக்கு தாத்தா" என்று உறையைக் கழற்றினான். முள் திரும்பியது. என் தலை தானாகக் கவிழ்ந்தது.

குமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்குச் சற்று முந்திய காலம். அப்பா எங்கள் வள்ளத்துக்குக் குளச்சல் காசிம் சாயிபு கடையில் திசைகாட்டி வாங்கினார். கடலிலிருந்து பார்க்கையில் மாதா கோயில் கோபுரமும் பின்னாலுள்ள குன்றும் ஒரே நேரில் வந்தால் அதுதான் வடக்கு. முள்ளோ கிழக்கே சரிந்து நின்றது. மீன் ஏலம் நடக்கும் கரையில் சாயிபுவைக் கண்டதும் அப்பா கத்தினார்.

"கெட்ட சாமானத்த தந்து எங்கள கொல்லப் பாத்தீரா ஓய்?"

சாயிபு வள்ளத்தில் ஏறி, திசைகாட்டிப் பலகையின் அடியில் தடவினார். கண்ணேறு படாமலிருக்க அம்மா கட்டிவைத்த இரும்பு லாடம் கையில் வந்தது. கூட்டம் பார்க்குமுன் அதைத் தோள்துண்டில் சுருட்டிக்கொண்டார். அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பெட்டியில சின்ன கேடு, சரியாக்கியாச்சு. எனக்க தப்புதான்" என்றார் சாயிபு, எல்லோரும் கேட்க.

அப்பா அதை மறுக்காமல் வலையை மடிக்கக் குனிந்தார்.

போகும்போது சாயிபு லாடத்தை என் கையில் வைத்தார். "அம்மைக்க சாமானம். வள்ளத்துக்க பின்பக்கம் கெட்டச் சொல்லு மக்கா."

அதன்பின் எங்கள் வீட்டார் யாரும் அந்தக் கடை வழியே போகவில்லை. இன்றும் குளச்சல் போனால் என் கால் அடுத்த தெருவில்தான் திரும்புகிறது.