ஓரம் வெட்டிய பக்கங்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பசை தடவும் மேசை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை விரல்களை விட்டுப் போகாது. சோறு ஊட்டப் போனால் என் சின்ன மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அப்பா கையால்தான் சாப்பாடு. எனக்கு வயிறு எரியும். ஷூவைச் சோதிக்கும் செக்கர் வேலைக்குத் தேர்வு வைக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

படிக்க வேண்டியதை வாட்ஸ்ஆப்பில் பி.டி.எஃப். ஆக அனுப்பினார்கள். பெரிய தாளில் அச்சடிப்பதற்காகத் தயாரித்தது. இடப்பக்கம் பழுதின் படம், வலப்பக்கம் அதற்கான விதி. என் போனில் முழுப் பக்கமும் தெரிந்தால் எழுத்து எறும்பு. எழுத்தைப் பெரிதாக்கினால் படம் ஓடிவிடும். எனக்குப் படிக்க நேரம் கிடைப்பதோ குடியாத்தத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் வழுக்கி வேறு விதியில் போய் நிற்கும். இதை அனுப்பிய புண்ணியவான் ஒரு நாளாவது போனில் திறந்து பார்த்திருப்பாரா?

விடுவேனா? பக்கத்தின் ஓரங்களை வெட்டும் ஆப் ஒன்றை இறக்கினேன். முன்பு தோல் வெட்டும் பிரிவில் இருந்தவள் நான். தோலின் ஓரம் தளர்ந்திருக்கும், இழுத்தால் நீளும். ஷூவின் முன்பக்கத்துக்கு ஆகாது. ஓரம் என்றாலே ஒதுக்கிப் பழகிய கை. நாலு பக்கமும் யோசிக்காமல் வெட்டினேன். எழுத்து பெரிதானது. கடகடவென்று மனப்பாடம் செய்தேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட் அக்காவும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கேள்வி கேட்டார்.

"ஷூ முன்பக்கம் சின்னதா சுருக்கம் இருந்தா இன்னா பண்ணுவ?"

"பாஸ் பண்ணுவேன்."

"அடிப்பாவி! முன்பக்கம் ஒண்ணுமே இருக்கக் கூடாதுடி. அது பக்கவாட்டுக்கு. ஓரத்துல போட்டுக்குதே, பாக்கலியா?"

எந்த விதி ஷூவின் எந்த இடத்துக்கு என்பது பக்கத்தின் ஓரத்தில்தான் அச்சாகியிருந்தது. நான் வெட்டி எறிந்தது அதைத்தான். படித்ததெல்லாம் வீண். தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

முதலிலிருந்து தொடங்கினேன். அந்த பி.டி.எஃப்.-ஐயே போன் திரைக்கு ஏற்றபடி துண்டு துண்டாக வெட்டி மறுபடி அடுக்கினேன். ஒவ்வொரு பழுதும் ஒரு திரை. மேலே இடத்தின் பெயர், அதன்கீழ் படம், அதன்கீழ் விதி, எல்லாம் பெரிய எழுத்தில். பக்கவாட்டில் இழுக்கவே வேண்டாம்; கட்டைவிரலால் மேலே தள்ளினால் போதும். அக்காவுக்கும் அனுப்பினேன். அது எல்லார் போனுக்கும் பரவி, சூப்பர்வைசரிடமும் போய்ச் சேர்ந்தது.

"கம்பெனி ஃபைல்ல உன்ன யாரு கை வைக்கச் சொன்னது?"

"ஒரு எழுத்துகூட மாத்தல சார். இடத்ததான் மாத்துனேன். ரெண்டையும் உங்க போன்ல படிச்சுப் பாருங்க."

பார்த்தார். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

தேர்வில் அக்காவும் நானும் தேறினோம். செக்கர் மேசைக்குப் போய்ச் சில நாள் கழித்து ஒரு மாலை, தயிர்ச்சோறு பிசைந்து மகளிடம் நீட்டினேன். என் விரல்களை மோந்து பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் மோந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.