கடற்கரை வரைக்கும் கேட்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர்

டிக்.

ஸ்விட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்து கேட்கும் அந்தச் சின்னச் சத்தம்... இப்போது கேட்டாலும் எனக்குக் குஷி தாங்காது மக்களே!

கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் ஜெரின் மஸ்கட்டில் இருந்து லீவுக்கு வந்தார். பெட்டியைத் திறந்தால் துணிமணியே இல்லை. ஒரு ஜோடி ஹைஃபை ஸ்பீக்கர்! கூட வேலை பார்த்தவர் கொடுத்ததாம். அவற்றைப் பாடவைக்க ஆம்ப்ளிஃபயர்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு முடிகிறது... அதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டாவது கேட்டுவிட வேண்டும். எங்களுக்கு வேறு ஆசையே இல்லை.

நாகர்கோவில் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரை வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். முன்பக்கம் முழுக்க ஆடும் விளக்குகள். வாட்ஸ் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

எங்கள் கடியப்பட்டணத்தில் கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்டினால், ஒருவர் அலையோரம் போய் நிற்பார். அங்கே பாட்டு கேட்டால் கையைத் தூக்குவார். அப்போதுதான் அது நல்ல செட். ஜெரினும் அதையே செய்தார்!

"ஏட்டி, நான் கையத் தூக்குற வரைக்கும் சத்தத்த கூட்டீட்டே இரி!"

கடலைப் பார்த்து ஓடிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்... கை எழும்பவே இல்லை. கூட்டினேன்... இன்னும் கூட்டினேன்...

பட்டென்று எல்லாம் அணைந்துவிட்டது. சூடேறிய வாடை வேறு. மணல் காலோடு ஓடிவந்தவர், "ஸ்பீக்கர் போச்சா?" என்று கேட்டபோது அழாத குறைதான்.

மறுநாள் காலையிலேயே ஸ்பீக்கர்களைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் சோதித்துப் பார்த்தார். "ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆவல்ல. இது நாலு ஓம்ஸ் ஸ்பீக்கராக்கும், கரண்ட நெறைய இழுக்கும். ஆம்ப் தாங்காம தானா ஆஃப் ஆயிருக்கு."

அப்பாடா!

பிறகு ஒரு கறுப்புப் பெட்டியை மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்தார். அதில் ஒரே ஒரு விளக்கு. ஜெரினுக்கு முகமே விழுந்துவிட்டது.

"வாட்ஸ் கொறவால்லா இருக்கு?"

"கொறவுதான், ஆனா இந்த ஸ்பீக்கர தாங்கும். நீங்க வீட்டுக்குள்ள இருந்து கேக்கியளா, கடலுக்குள்ள இருந்து கேக்கியளா?"

டிக். பாட்டு தொடங்கியது. அடுத்த வரிக்கு முன்னால் பாடகி மூச்சை இழுத்தாள்... அது கேட்டது! கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவளின் மூச்சு மாதிரியே கேட்டது. கடை என்றும் பார்க்காமல் ஜெரினின் கையைப் பிடித்துவிட்டேன்.

"இது மதி, இதே போதும்! இதத்தான் எடுக்கணும்!" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட் வேன் வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க, தரையில் உட்கார்ந்து அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். போன பிறகு ஒவ்வொரு போனிலும், "ஏட்டி, அந்த டிக்க மட்டும் கேக்க வையி" என்பார். நானும் போனை ஆம்ப் பக்கத்தில் பிடிப்பேன்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். பாட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவர் காதில் அவர் இயர்பட்ஸ், என் காதில் என் இயர்பட்ஸ்... அவரவர் பாட்டு அவரவருக்கு.

நேற்று தூசி தட்டும்போது சும்மா ஸ்விட்சைப் போட்டேன்.

டிக்.

உள் அறையில் இருந்தவருக்கு எப்படித்தான் கேட்டதோ... காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"பாட்டப் போடுட்டி."