அம்மாவின் மூன்று விரல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் என் அம்மா சின்னப்பொண்ணு பதினான்கு வருஷம் செக்கிங் பார்த்தாள். நட்டுக்குள் விரலை விட்டுத் தடவி, மரை சரியில்லாததை ஒதுக்குகிற வேலை. சூப்பர்வைசரே சரியென்று சொன்ன பெட்டியையும் மறுபடி கொட்டிப் பார்ப்பாள். அந்தச் சம்பளத்தில் நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது.

மார்பில் புற்றுநோய் வந்து கீமோ ஆரம்பித்ததும் வாந்திதான் அவளை வதைத்தது. இரண்டாவது ஊசி போட்டு வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "மூணாவதுக்கு நா வர்ல நைனா."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரின்சி வாந்திக்கு ஒரு வழி காட்டி அனுப்பியிருந்தாள். மணிக்கட்டு ரேகைக்கு மேல் மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே கட்டைவிரலால் அமுக்க வேண்டும். வாந்தி மாத்திரையையும் விடக் கூடாது. அடுத்து மணிக்கட்டில் மாட்டுகிற பட்டை ஏதாவது விற்க வருவாள் அந்த நர்ஸ் என்று நினைத்துக்கொண்டே அம்மாவின் கையில் மூன்று விரல் வைத்து அளந்து அமுக்கினேன். சற்று நேரத்தில் வாந்தி.

"பாத்தியா? எல்லாம் டுபாக்கூரு" என்றேன்.

"யாரு வெரல வெச்சி அளந்த? என் வெரலால அளக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லல? உன் வெரலு வாழப்பயமாட்டம் கீது."

தன் விரலை வைத்துத் தானே இடம் பார்த்தாள். அவளும் சும்மா நம்பிவிடவில்லை. ஒரு நாள் அமுக்குவாள், மறுநாள் வேண்டுமென்றே விட்டுவிடுவாள்.

மாத்திரையை நிறுத்திவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம். அட்டையை எடுத்து எண்ணும்போது பிடித்துவிட்டாள்.

"இன்னாடா எண்ணிக்கினு கீற? என் மேலயே டவுட்டா?"

"நீ ஊரையே நம்ப மாட்ட. நா மட்டும் நம்பணுமா?"

கணக்கு சரியாகவே இருந்தது.

பத்தாம் நாள் சொன்னாள்: "அமுக்குன அன்னிக்கும் கொமட்டுது. ஆனா கஞ்சி தங்குது."

"நாளாக நாளாகத் தானாவே கொறையும்மா."

"இருக்கும். அதான் அடுத்த ஊசி போடுறப்ப மொத நாள்லயிருந்தே அமுக்கிப் பாக்கணும். என்னிக்கு வரச் சொன்னாங்கோ?"

"பதினெட்டாந்தேதி."

எனக்கு இன்னும் அதில் நம்பிக்கை வரவில்லை. அதை அவளிடம் சொல்லாமல், பதினெட்டாம் தேதிக்கு லீவு கேட்கப் போனை எடுத்தேன்.