அக்காவின் கொப்பியில் ஐதரசன் பிணைப்பு

நான் நடத்திய வகுப்பு முடிந்ததும் அக்காவின் மகள் ஒரு பழைய கொப்பியை என் மேசைமேல் வைத்தாள். அட்டையெல்லாம் தேயிலைக் கறை. உள்ளே கையெழுத்து என்னுடையது. எந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நான் பதுளையில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டுத் தனியாக அதே உயர்தரப் பரீட்சைக்குத் தயாரானாள். தோட்டப் பள்ளியில் இரசாயனவியலுக்கு ஆள் இல்லை. தேறிவிட்டால் ஆசிரியை வேலை கிடைக்கும், விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்வரை நிற்க வேண்டாம். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஞாயிறுதோறும் எங்கள் தோட்டம் இருக்கும் பசறைக்குப் பஸ் ஏறி வந்து, எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து நான்தான் அவளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பேன்.

ஐதரசன் பிணைப்பு நடத்திய அன்று நான் வகுப்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போயிருந்தேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பெயரை வைத்தே அளந்துவிட்டேன்: இரண்டு ஐதரசன் அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது ஐதரசன் பிணைப்பு. அக்கா விடவில்லை.

"அது ஐதரசன் வாயுவுக்குள்ள இருக்கிறதுதானே தம்பி? அப்ப பழைய கேள்வித்தாள்ல கேட்ட மாதிரி, ஐஸ் தண்ணியில மெதக்கிறதுக்கு இது எப்புடிக் காரணமாகும்?"

"கேள்வி கேக்காம பாடமாக்கு."

வரி பிசகாமல் பாடமாக்கினாள்.

அடுத்த மாதமே எனக்கு விளங்கிவிட்டது. வாயுவில் இரண்டு அணுக்களும் இலத்திரன்களைப் பங்கிட்டு இறுகிக்கொள்கின்றன. தீப்பொறி காட்டாதவரை ஒட்சிசனைக்கூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஐதரசன் பிணைப்பு வேறு. ஒரு நீர் மூலக்கூற்றின் ஐதரசன், பக்கத்து மூலக்கூற்றின் ஒட்சிசனை மெல்ல ஈர்ப்பது அது. உறையும்போது அந்தப் பிணைப்புகள் மூலக்கூறுகளைச் சற்று விலக்கி நிறுத்துவதால்தான் ஐஸ் மிதக்கிறது. பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் ஊருக்குப் போனேன். சொல்லவில்லை. தோட்டமே என்னைப் படித்தவன் என்றது. அந்தப் பேர் எனக்குப் பெரிதாக இருந்தது.

பரீட்சையில் ஐஸ்தான் வந்தது. அந்த ஒரு கேள்வியால்தான் அவள் இரசாயனவியலில் தவறினாள் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா இன்றும் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கிறாள். நான் அதே பாடத்தை வருடாவருடம் பிள்ளைகளுக்கு நடத்திச் சம்பளம் வாங்குகிறேன். சொல்லியிருக்க வேண்டியவளுக்கு மட்டும் சொன்னதில்லை. என்னை நினைத்தால் எனக்கே கசக்கிறது.

மருமகள் பக்கத்தைத் திறந்தாள். என் வரியின்மேல் நேராக ஒரு கோடு. அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தில் சரியான விளக்கம். மை வெளுத்துப் போயிருந்தது, என்றைக்கோ எழுதியது.

"அம்மா திருத்தினது சரியான்னு மாமாகிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

சிவப்புப் பேனாவை எடுத்துச் சரி போட்டேன். அதன் கீழே இடம் இருந்தது. மன்னித்துக்கொள் என்று எழுதியிருக்கலாம். அதையும் எழுதாமல் கொப்பியை மூடிக் கொடுத்தேன்.