மூன்றாவது வரிசைக்குப் போன குரல்

எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கட்டெறும்பை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவள் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நாலு வயதுப் பெண் ஒருத்தி, மேடையில் சிவப்புத் திண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, பாடுகிற அம்மாவை அண்ணாந்து பார்க்கிற படம். பத்திரிகை அட்டையில் வந்தது, காலண்டரில் வந்தது, ஒரு சோப்பு டப்பாவின் மேல்கூட வந்தது. அம்மாவின் பாட்டில் குழந்தை எப்படிச் சொக்கிப்போயிருக்கிறது பார் என்று ஊரே உருகியது.

சொக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. குழந்தைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா பாடகி. அவர் குரலை மேலே ஓர் இழுப்பு இழுத்தால் அரங்கத்துக்கு வெளியே நிற்கிற கார்களெல்லாம் தாமாக ஹாரன் அடிக்கும் என்பார்கள். ஒரு கார் அடித்ததை என் காதால் கேட்டேன். மற்ற கார்களுக்கு நான் பொறுப்பில்லை. அப்பா வயலின்காரர். வயலினுக்குக் குளிரும் என்று கம்பளி போர்த்திவிட்டுத்தான் தூங்கப் போவார். மகளுக்கு ஜலதோஷம் வந்தால் மருந்து தேடமாட்டார், எந்தச் சுருதியில் தும்முகிறாள் என்று காது கொடுத்துக் கேட்பார். கட்டெறும்பு என்று பெயர் வைத்தது அவர்தான். காரணம் எளிது, அவள் கடிப்பாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கச்சேரி நெருங்கினால் அம்மா பேசமாட்டார். தொண்டைக்கு ஓய்வு. கழுத்தைச் சுற்றி ஒரு துணி, கையில் ஒரு ஸ்பூன், அப்படியே வீடெல்லாம் நடமாடுவார். மேஜையிலோ சுவரிலோ ஒரு தடவை தட்டினால் 'ஆமாம்'. இரண்டு தடவை தட்டினால் 'கூடாது'. மூன்று என்றால் 'இங்கே வா'. அம்மாவோ ஓடியாடிப் பாடுகிறவர். ஒரு கச்சேரி முடிந்தால் அடுத்தது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த வீட்டில் பாதி வாழ்க்கை ஸ்பூன் வாழ்க்கைதான்.

"அம்மா, நான் வரைஞ்ச யானை நல்லா இருக்கா?"

டக்.

"யானை மாதிரியே இருக்கா?"

டக்.

"இது யானையே இல்லம்மா, இது அப்பா!"

அம்மா படத்தை இன்னொரு தடவை பார்த்தார். சற்று யோசித்தார். டக்.

மேடை விளக்கு முகத்தில் அடிக்கும்போது எதிரே மூன்று வரிசைதான் தெரியும்; அதற்கப்பால் கறுப்பு. அந்த மூன்றாவது வரிசையின் ஓரத்தில், எந்தக் கச்சேரியானாலும் ஒரு மொட்டைத் தலைக்காரர் இருப்பார். அம்மா வாயைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, குரலைச் சொட்டு விடாமல் குடிப்பார். திண்டின் மேல் உட்கார்ந்திருந்த கட்டெறும்பு பார்த்தது பாதி நேரம் அம்மாவை, மீதி நேரம் அவரை. பார்வைக்கு எரிக்கும் சக்தி இருந்தால் அவருக்குத் தலைமுடி மட்டுமல்ல, தலையே மிஞ்சியிருக்காது.

ஒரு நாள் அப்பாவிடம் நியாயம் கேட்டாள்.

"எங்கம்மா குரல் அந்த மொட்டை மாமாவுக்கு. எனக்கு மட்டும் ஸ்பூனா?"

"அவர் டிக்கெட் வாங்கியிருக்காரும்மா."

"அப்ப எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"அடி அசடே, உனக்குத்தான் மேடையிலயே இடம் இருக்கே!"

மேடையில் இடம் யாருக்கு வேண்டும்? அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஸ்பூன் நாளில், ஊரார் யாருக்கும் இல்லாமல், தனக்கென்று அம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 'சனியனே' என்றாலும் சரி.

அதற்காக அவள் செய்யாத அட்டூழியம் இல்லை. ஸ்பூனை ஒளித்துவைத்தாள், வீட்டில் ஸ்பூனுக்கா பஞ்சம், அம்மா அடுத்ததை எடுத்துக்கொண்டார். "அடுப்படியில தீ!" என்று கத்தினாள், அம்மா வாளித் தண்ணீரோடு சத்தமில்லாமல் வந்து, தீ இல்லாததைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினார். டீயில் உப்பைக் கொட்டினாள். அம்மா ஒரு வாய் குடித்தார், கண்ணில் நீர் முட்டியது, விழுங்கினார், இரண்டு தடவை தட்டினார். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலோ அவள் ராஜகுமாரி. "தினமும் அம்மா பாடித்தான் உன்னத் தூங்க வைப்பாங்களா?" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். "விடிய விடிய" என்பாள். உண்மையில் அவள் தூங்கியது பக்கத்து வீட்டு ரேடியோவில்தான். அங்கே அம்மா பாடுவார். சுவரில் காதை வைத்துக்கொண்டு இவள் தூங்குவாள். பக்கத்து வீட்டுக்காரி ரேடியோவைப் பட்டென்று அணைத்துவிட்டால், அம்மாவின் வாயையே பொத்திவிட்ட மாதிரி அவள் மேல் கோபம் வரும்.

இந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்ற வந்து சேர்ந்தாள் ஒரு மாணவி. கட்டெறும்பின் வயதுதான். ரோஜா நிறத்தில் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த கவுன் போட்டு வந்ததால் கட்டெறும்பு அவளுக்கு வைத்த பெயர் பஞ்சுமிட்டாய். பஞ்சுமிட்டாய்க்குக் குரல் இருந்தது, கட்டெறும்புக்கு இல்லை. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொஞ்ச நாளில் மேடையில் சிவப்புத் திண்டு இரண்டானது.

ஒரு ஸ்பூன் நாள். பாட்டு அறையின் கதவு உள்பக்கம் மெத்தை தைத்த கதவு, ஊசி விழுந்தாலும் வெளியே கேட்காது. கட்டெறும்பின் காது ஊசியைவிடக் கூர்மை. கதவிடுக்கில் ஒட்டிக்கொண்டு கேட்டாள். உள்ளே பஞ்சுமிட்டாய் பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தம். பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"மறுபடி. அந்த இடத்துல மூச்சு வாங்காதே. மறுபடி."

அம்மாவின் குரல்! ஸ்பூன் நாளில்! பஞ்சுமிட்டாய்க்கு!

கட்டெறும்புக்குக் காதில் புகை வராத குறை. நேராக அடுப்படிக்குப் போனாள். இருப்பதிலேயே பெரிய ஸ்பூனை எடுத்தாள். இனிமேல் நானும் பேசப்போவதில்லை என்று முடிவு கட்டினாள்.

சாப்பிடக் கூப்பிட்டால் டக் டக். குளிக்கச் சொன்னால் டக் டக். தலை பின்ன வந்தால் டக் டக், டக் டக், டக் டக். மேஜை, கதவு, குழாய், அப்பாவின் முழங்கால் என்று ஒன்றையும் விடவில்லை. வேறெந்த வீடாக இருந்தாலும் முதுகில் ரெண்டு வைத்து ஸ்பூனைப் பிடுங்கியிருப்பார்கள். இது இசைக்காரர்கள் வீடு. அப்பா வயலினைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"இங்க வாயேன், இதக் கேளு! ரெண்டு, ரெண்டு, ஓர் இடைவெளி, மறுபடி ரெண்டு. ஒரு இழை பிசகல! நம்ம பொண்ணுக்குக் குரல்தான் இல்ல, கை இருக்குடீ, கை!"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ஸ்பூன் நாளும் இல்லை, வாய் திறந்து பேசினார். "பிறவித் தாளம்" என்றார். அதையும் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

குழந்தை கோபத்தில் இருக்கிறது என்று அந்த இரண்டு மேதைகளுக்கும் தோன்றவே இல்லை. அடுத்த மாதமே அவளுக்கு ஜிகினா சட்டை தைத்து, எதிரே ஒரு வெண்கலத் தட்டை வைத்து, கையில் இரண்டு ஸ்பூன்களைக் கொடுத்து மேடையேற்றிவிட்டார்கள். விளக்கு முகத்தில் அடித்தது. அறிவிப்பாளர் அவளை 'ஸ்பூன் குழந்தை' என்றார். கட்டெறும்பு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். மொட்டைத் தலைக்காரர் ஆவலாகக் கண்ணை மூடத் தயாராக இருந்தார். வந்ததே ஆத்திரம்! டக் டக், டக் டக், டக் டக் என்று தட்டு நெளிகிற வரைக்கும் அடித்தாள். கூடாது, கூடாது, கூடாது. அரங்கமே எழுந்து நின்று, அவளோடு சேர்ந்து கைதட்டி, அதே 'கூடாது'வைச் சொன்னது. கூரையிலிருந்து ஒரு விளக்கு அதிர்ந்து விழுந்ததாகவும் பேச்சு.

மேடைக்குப் பின்னால் பஞ்சுமிட்டாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், நீ அங்க வாசிச்சது தாளமா, சண்டையா? எல்லாரையும் பார்த்து 'கூடாது கூடாது'ன்னுட்டு வர்றே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுலதானே பாதி நாள் கெடக்கேன். ஸ்பூன் பேச்சு தெரியாதா எனக்கு?" அவள் குரல் திடீரென்று உடைந்தது. "எனக்கு ஒரு நாளாவது உங்கம்மா ஒரு டக் தட்டியிருப்பாங்களா? வாயத் திறந்தா 'மறுபடி, மறுபடி'தான். நீ யானையை வரைஞ்சாலும் டக், பூனையை வரைஞ்சாலும் டக். குடுத்து வச்சவடீ நீ."

"அது யானை இல்ல" என்றாள் கட்டெறும்பு. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, ஒருத்தியின் எரிச்சலில் மற்றவள் குளிர்காய்ந்துகொண்டு நின்றார்கள். கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை.

பதினைந்து வயதில் மூக்கின் மேல் பரு வந்தது. ஸ்பூன் தட்டுகிற குழந்தையைத்தான் ஊர் பார்க்கும். ஸ்பூன் தட்டுகிற குமரியை யார் பார்ப்பார்கள்? மேடை அவளை மெல்ல இறக்கிவிட்டது. அவள் கண் பரிசோதனை படித்தாள், லென்ஸ் தேய்க்கக் கற்றாள், கடை போட்டாள். ஏன் இந்தத் தொழில் என்று கேட்டதற்கு, "இங்க வெளிச்சம் எதிராளி முகத்துல. நான் இருட்டுல" என்றாள். அந்த நிம்மதியிலும் ஒரு முள். பஞ்சுமிட்டாய் இப்போது பெரிய பாடகி. கடைக்கு எதிர்ச்சுவரில் அவள் போஸ்டர். தினமும் ஷட்டரைத் தூக்கினால் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

போன மாதம் நான் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், என் கண்ணாடி ஃபிரேமின் திருகு கழன்றுவிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு முதியவர், தலை பித்தளைச் சொம்பு மாதிரி பளபளத்தது. கதவைத் திறந்துகொண்டு கட்டெறும்பின் அம்மா வந்தார். வயது ஏறியும் பாடுகிறார். மறுநாள் கச்சேரி, பாட்டு வரிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்தில் துணி. கைப்பையிலிருந்து ஸ்பூனை எடுத்தார். முதியவர் பதறி எழுந்து நின்றார். ஆமாம், அவரேதான், மூன்றாவது வரிசை!

கட்டெறும்பு அம்மாவை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸைச் செருகினாள்.

"தெரியுதா?"

டக்.

"இங்க ஸ்பூன் செல்லாதும்மா. பலகையில இருக்கிற எழுத்த வாய்விட்டுப் படிக்கணும்."

டக் டக்.

"அப்ப கண்ணாடி கிடையாது. நாளைக்குத் தடவிப் பார்த்துப் பாடு."

அம்மா மகளை உற்றுப் பார்த்தார். ஸ்பூனை மடியில் வைத்தார். மெதுவாக, "ப... ட... ம..." என்று ஆரம்பித்தார். பாட்டு இல்லை, வெறும் பேச்சு. பெஞ்சிலிருந்த முதியவருக்குக் கண் தானாக மூடிக்கொண்டது, தலை ஆடத் தொடங்கியது. கட்டெறும்பு அதைப் பார்த்தாள். விறுவிறுவென்று வந்தாள்.

"என்ன மாமா, சும்மா கேக்கலாம்னு பார்த்தீங்களா?" என்று சொல்லி உள்கதவை அவர் மூக்குக்கு நேராகச் சாத்தினாள்.

சாத்தினால் என்ன? எனக்கும் காது இருக்கிறது.

"சந்தேகமா இருக்கு. வேற லென்ஸ் போடுறேன். மறுபடி படி."

"ப... ட... ம..."

"மறுபடி."

"இது முதல்ல போட்டதேதானேடி? அதுவே தெளிவாத்தான் இருந்துச்சு."

"கண்ணு விஷயம்மா. மறுபடி."

பிறகு அம்மா சிரித்தார். "கடிக்கிற புத்தி போகல பாரு" என்றார். மறுபடி முதல் எழுத்திலிருந்து, அவசரப்படாமல் படித்தார். பலகை தீர்ந்த பிறகும் பேச்சு தீரவில்லை. முதியவர் தூங்கிப்போனார். என் திருகை அன்று யாரும் முடுக்கவில்லை.

கச்சேரிக்கு அடுத்த நாள் திருகுக்காக மறுபடி போனேன். முதியவர் தம் கண்ணாடியை வாங்க வந்திருந்தார். கட்டெறும்பு ஃபிரேமின் காம்பைச் சூடு காட்டி அவர் காதுக்கேற்ப வளைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அம்மா குரல் அவ்வளவு சரியில்லம்மா" என்று அவர் வருத்தப்பட்டார். "மேல போறப்பல்லாம் கரகரன்னுச்சு. முந்தின நாள் யார்கிட்டயோ நிறையப் பேசியிருப்பாங்க போல."

"அப்படியா?" என்றாள் கட்டெறும்பு. முகம் அப்படியே ஜொலித்தது. "யார்கிட்டயாம்?"

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "காதுகிட்ட இறுக்குதே, கொஞ்சம் தளர்த்தித் தர்றியாம்மா?" என்று கேட்டார்.

மேஜையின் மேல், அம்மா மறந்துவிட்டுப் போன ஸ்பூன் கிடந்தது. கட்டெறும்பு அதை எடுத்து நிதானமாக இரண்டு தடவை தட்டினாள்.